கை = 0.35

மே 22, திங்கள்

காலையில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. தொட்டி நிரம்பியதும் மோட்டாரை அணைத்தேனா என்று இரண்டு முறை மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தேன்.

புது வேலை வந்திருக்கிறது. பிறந்த குழந்தையைச் சூட்டில் வைத்திருக்கும் கருவிக்கு உள்ளே போகும் சர்க்யூட் பலகை. என் மாப்பிள்ளை தயாளன் வரைந்து முடித்துவிட்டார். அதில் வரும் பாகங்களுக்குத் தடம் போடுவது என் பங்கு.

இஸ்திரிக்காரர் துணி எடுக்க வந்தபோது, “ஐயா நாள் பூரா கம்ப்யூட்டர்ல என்னதான் பண்றீங்க?” என்று கேட்டார். பலகை மேல் உட்காரும் ஒவ்வொரு பாகத்துக்கும், அதன் கால் படுகிற இடத்தில் செப்புத் திட்டு வேண்டும். திட்டின் நீளம், அகலம், ஒன்றுக்கொன்று இடைவெளி எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பாகத்தின் தடம் என்றேன். “செருப்பு தைக்கறதுக்கு மின்னால கால் அளவு எடுக்கற மாதிரிங்களா?” என்றார். நான் சொன்னதைவிட அது நன்றாக இருந்தது.

தடத்தை ஒவ்வொன்றாக வரைய வேண்டியதில்லை. என் மகள் தேன்மொழி எழுதிவைத்த கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் இருக்கிறது. பாகம் செய்தவர்கள் தரும் அளவுத்தாளைப் படித்து எண்களை அட்டவணையில் நிரப்பி ஸ்கிரிப்டை ஓட்டினால், எல்லாத் தடங்களும் வரிசையாகக் கோப்புகளாக வந்து விழும். பாலிடெக்னிக்கில் ஆயுள் முழுக்கப் பொறியியல் வரைபடம் நடத்தியவனுக்கு இது சுலபமாக இருக்க வேண்டும். எனக்கு இல்லை. தாளில் இருப்பது மேலிருந்து பார்த்த படமா, அடியிலிருந்து பார்த்த படமா என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். அதனால் எல்லாத் தடங்களையும் அசல் அளவில் காகிதத்தில் அச்செடுத்து, இடுக்கியால் பாகத்தை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தயாளனிடம் தருவேன். அவர் ஒருமுறை கூட அவசரப்படுத்தியதில்லை.

மே 24, புதன்

தாராபுரத்திலிருந்து வளர்மதி வந்திருந்தாள். தயாளனின் அக்கா. தம்பி வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து வந்தாள் என்று நினைக்கிறேன்.

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லும்மா.”

“தம்பிக்கு நாப்பது ஆகப்போகுது. தேனு போயி மூணு வருசமாச்சு. பொண்ணுப் பேச்ச எடுத்தாலே, ‘மாமா இருக்காரு’ங்கறான். அதுக்கு என்ன மாமா அர்த்தம்?”

“நான் ஒண்ணும் சொன்னதில்லையேம்மா.”

“அதுதான் மாமா. நீங்க ஒண்ணுஞ் சொல்லலை. நீங்க வாயத் தொறந்து ‘கட்டிக்கங்க’ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா அவன் கேப்பான். வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டான். ஆடி பொறக்கறதுக்குள்ள சொல்லிப்போடுங்க. உடுமலையில ஒரு பொண்ணு இருக்குது, நானே பாத்து வெச்சிருக்கறேன்.”

அதற்குப் பிறகு நான் எங்கே இருப்பது என்பதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீடு தயாளனுடையது. மகள் நோயில் படுத்தபோது உதவிக்கு வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். கோபியில் என் அண்ணன் மகன் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. வரச்சொல்லி அவனும் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறான்.

சொல்றேம்மா என்றேன். அவள் கேட்டது நியாயம்தான். தயாளனுக்கு இப்படியே வயதாகிவிடக் கூடாது.

மாலையில் அவர் வந்தார். “மாமா, சாந்தி மெஸ்ல போண்டா சூடா இருந்துச்சு” என்று பொட்டலத்தைப் பிரித்தார். சாப்பிட்டோம். சூடாக இருக்கும்போது அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று விட்டேன்.

மே 25, வியாழன்

சொல்லவில்லை. பல்வலி. அரிசி வாங்கியது.

மே 27, சனி

எல்லாத் தடங்களும் முடிந்தன. ஒரு கனெக்டரில் மட்டும் முதல் கால் எந்தப் பக்கம் என்று சந்தேகம். மூன்று முறை சரிபார்த்தேன். மூன்று முறையும் ஒரே விடை வந்தது. இருந்தும் தயாளனை ஒருமுறை பார்க்கச் சொன்னேன். “சரியாத்தான் இருக்குங்க மாமா. நீங்க போட்டா நான் பாக்கறதே இல்ல” என்றார். அது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயத்தைத்தான் கொடுத்தது.

இந்த முறை பலகைகளில் பாகம் வைப்பது நம் வீட்டில் இல்லை. முன்பெல்லாம் வருவது பத்து, பதினைந்து பலகைகள். தேன்மொழியே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கையால் ஈயம் வைத்துப் பாகங்களை ஒட்டிவிடுவாள். பிறகு தயாளன். இது பெரிய ஆர்டர். கணபதி பகுதியில் மெஷின் வைத்திருக்கும் ஒரு யூனிட்டுக்குப் போகிறது. மாதிரிக்கு முதலில் ஐம்பது பலகை. அது சரியாக வந்தால்தான் மீதி ஆர்டர் தருவதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது.

தயாளனிடம் இன்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவர் களைத்துப்போய்த் தூங்கிவிட்டார்.

ஜூன் 6, செவ்வாய்

யூனிட்டிலிருந்து போன். தயாளன் ஸ்பீக்கரில் போட்டார். அங்கே மெஷின் பகுதிக்குப் பொறுப்பு ரேணுகா என்ற பெண்.

“தயாளன் சார், உங்க கெபாசிட்டர் எல்லாம் எந்திரிச்சு நிக்குது. ஸ்கூல் ப்ரேயர் மாதிரி.”

“எல்லாமா?”

“எல்லாம் இல்ல, ரொம்பப் பொடிசா இருக்கறது மட்டும். பலகைக்கு நாலஞ்சு. கால் பக்கம் ஒட்டிக்கிட்டு தலை மேல தூக்கிக்கிட்டு நிக்குது. மெஷின் மேல பழி போட்டுடாதீங்க, மத்தவங்க பலகையெல்லாம் ஒழுங்காத்தான் வருது.”

பாகங்கள் இப்படி நிமிர்ந்து நிற்பதற்கு இந்தத் தொழிலில் ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. கல்லறையில் நடுகிற கல்லின் பெயர். அந்தப் பெண் அதைச் சொல்ல ஆரம்பித்ததுமே தயாளன் குறுக்கே புகுந்து, “எந்திரிச்சு நிக்குதுன்னே சொல்லுங்க” என்றார். “சரிங்க, எந்திரிச்சு நிக்குது” என்றார் ரேணுகா. நானும் அப்படியே எழுதுகிறேன்.

யூனிட்டில் பலகையைச் சுடவைக்கும் அடுப்பில் ஈயம் உருகும்போது பாகத்தை இரண்டு பக்கத் திட்டுகளும் இழுக்கும். இழுப்பு சமமாக இருந்தால் படுத்து ஒட்டும். ஒரு பக்கம் சற்று முந்தினால் அந்தப் பக்கமாக எழுந்துவிடும். திட்டு வெளியே எவ்வளவு நீளமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இழுப்பும் பலமாக இருக்கும். படித்துத் தெரிந்துகொண்டேன்.

நம் தடங்களில் திட்டுகள் நீளம்.

ஜூன் 7, புதன்

ரேணுகா நேரில் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்கூட்டரை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, “தடம் போட்டவர் யாருங்க?” என்று கேட்டார். போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது. தயாளன் என்னைக் காட்டிவிட்டார்.

திரையில் தடத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும், “இது கைல ஈயம் வெக்கறதுக்குப் போட்டது சார். பாருங்க, வெளிப்பக்கம் எவ்வளவு நீட்டம். மெஷினுக்கு இது வேண்டாம்” என்றார்.

நான் ஸ்கிரிப்டைத் திறந்து காட்டினேன். மேலே ஒரு வரி:

கை = 0.35

“கையா? தமிழ்லயே எழுதியிருக்கீங்க?” என்று சிரித்தார். “நல்லாத்தான் இருக்கு. யார் எழுதினது?”

தயாளன் வாட்டர் பாட்டிலைத் திறந்தார்.

“என் பொண்ணு” என்றேன்.

அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். சாரி சொல்லவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஒரு எடத்துல மாத்தினா எல்லாத் தடமும் மாறுற மாதிரி அழகா எழுதியிருக்காங்க சார்” என்றார்.

ஒவ்வொரு திட்டும் கால் முடியும் இடத்திலிருந்து அந்த அளவு வெளியே நீளும். 0.35 மில்லிமீட்டர். கையால் ஈயம் வைக்கும்போது சூட்டுக்கோல் முனை தொடுவதற்கான இடம் அது. அந்த அளவு தேன்மொழி சும்மா போட்டதல்ல. 0.2 வைத்துப் பார்த்தாள், பாகம் சுட்டுக் கருகியது. 0.5 வைத்தாள், பக்கத்துத் திட்டோடு ஈயம் ஒட்டிக்கொண்டது. மேஜை விளக்கை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து அவள் கைக்கு வந்த அளவு.

“அந்த வரிய மாத்தினா பழைய பலகைங்களோட தடமும் மாறிடும்மா. அதுதான் யோசனையா இருக்கு” என்று சொன்னேன்.

காரணம் சரியானது. எழுதிப் பார்க்கும்போதும் சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 9, வெள்ளி

வழி கண்டுபிடித்துவிட்டேன். அந்த வரியைத் தொட வேண்டியதே இல்லை. ஸ்கிரிப்டின் கீழே ஒரு விலக்குப் பட்டியல் சேர்த்துவிட்டேன். இந்தப் பலகைக்கு, இந்த அளவுக்குக் கீழே உள்ள பாகமாக இருந்தால், கையைக் கழித்துவிடு. மற்ற எதற்கும் பாதிப்பில்லை. எழுதி முடிக்க முழு நாள் ஆனது. முதலில் பன்னிரண்டு வரி, பிறகு இருபத்தாறு, விலக்குக்குள் ஒரு விலக்கும் போட வேண்டிவந்தது. கொஞ்சம் சுற்றுவழிதான். ஆனால் பத்திரமானது.

தயாளன் எட்டிப் பார்த்தார். “ஒரு வரில முடியறதுதான மாமா?” என்றார். கேள்வியாகவும் இல்லை, குறையாகவும் இல்லை. “பழைய பலகை இருக்கே” என்றேன். “ஆமா, அது இருக்கு” என்று உடனே ஒத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவர் ரேணுகாவோடு போனில் பேசினார். அடுப்பின் சூட்டை எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பது பற்றி. நான் பால் வாங்கி வந்து, காய்ச்சி, உறைக்கும் ஊற்றி முடித்தபோதும் பேசிக்கொண்டிருந்தார். ஓர் அடுப்பைப் பற்றி இவ்வளவு பேச இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 11, ஞாயிறு

வளர்மதி போன் செய்தாள். “சொல்லீட்டீங்களா மாமா?”

“இந்த ஆர்டர் முடியட்டும்மா. அவர் நிம்மதியா இல்ல.”

“ஆர்டரு ஒண்ணு போனா ஒண்ணு வரும். வயசு வருமா?”

ஜூன் 14, புதன்

மெஷினில் ஈயம் தடவும் தகடு சரியாக இருக்கிறதா என்று காட்ட ரேணுகா வந்தார். தகட்டை யூனிட்டிலேயே பார்த்திருக்கலாம். வந்தவரைச் சாப்பிடச் சொன்னேன். தோசை ஊற்றினேன்.

இரண்டாவது தோசையில், “சார், சட்னில உப்பு பத்தல” என்றார்.

தயாளன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மூன்று வருடமாக என் சமையலை அவர் குறை சொன்னதே இல்லை.

“மாப்பிள்ளை, உங்களுக்கும் பத்தலையா?”

“கொஞ்சம்... கம்மிதான் மாமா.”

“எத்தன நாளா?”

அவர் தோசையைப் பிய்த்தார். ரேணுகாவுக்குப் புரை ஏறிவிட்டது சிரிப்பில். தயாளனும் சிரித்தார். அவர் சிரித்தால் கண் இடுங்கிவிடும் என்பதை மறந்தே போயிருந்தேன்.

ரேணுகா போன பிறகு தயாளனே சொன்னார், நான் கேட்கவில்லை. ரேணுகாவுக்கு ஒருமுறை கல்யாணம் ஆகி, ஒத்துவராமல் கோர்ட்டில் தீர்த்துக்கொண்டாராம். அப்பாவோடு சிங்காநல்லூரில் இருக்கிறார். “அப்படிங்களா” என்றேன். பாத்திரத்தைக் கழுவி வைத்தேன். கழுவினதையே மறுபடி கழுவினேன் என்று பிறகு தெரிந்தது.

ஜூன் 15, வியாழன்

கோபிக்குப் போன் செய்தேன். அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். சும்மா விசாரித்தேன்.

ஜூன் 20, செவ்வாய்

புதுத் தடத்தோடு இரண்டாவது மாதிரி இன்று அடுப்புக்குள் போனது. முன்பு பலகைக்கு நாலைந்து நின்றன. இப்போது ஏறக்குறைய எல்லாமே நிற்கின்றன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து.

எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

ஜூன் 21, புதன்

தயாளனோடு யூனிட்டுக்குப் போனேன். போக வேண்டாம், திட்டுவார்கள் என்றுதான் இருந்தது. போகாமல் இருப்பது இன்னும் மோசம் என்று போனேன்.

ரேணுகா பலகையை உருப்பெருக்கியின் கீழே வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். எள்ளில் பாதி அளவுள்ள கெபாசிட்டர்கள் ஊர்வலம் போல நின்றன. அவர் நிற்கும் ஒன்றை இடுக்கியால் தட்டிவிட்டு அடியில் இருந்த திட்டுகளைக் காட்டினார்.

“இந்தப் பக்கத் திட்டு சின்னது. இந்தப் பக்கத்துது நீளம். பாத்தீங்களா? ஒரு பக்கம் கைய எடுத்துட்டீங்க. இன்னொரு பக்கம் அப்படியே இருக்கு.”

பார்த்தேன்.

“பாதிதான் விட்டிருக்கீங்க சார்” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை.

அங்கேயே லேப்டாப்பில் திறந்து பார்த்தோம். என் விலக்கு, முதல் காலுக்குத் திட்டுப் போடும் இடத்துக்கு முன்னால் மட்டும் இருந்தது. இரண்டாவது காலுக்குப் போடும் இடத்தில் எழுதவே இல்லை. விலக்குக்குள் விலக்கு என்று அடுக்கிக்கொண்டே போனதில் அதை விட்டுவிட்டேன். காகிதத்தில் அச்செடுத்துப் பாகத்தை வைத்துப் பார்த்தபோது கால் இரண்டும் திட்டுக்குள்தான் இருந்தன. திட்டு எவ்வளவு வெளியே நீள்கிறது என்பதை நான் அளக்கவே இல்லை. அந்த இடத்தை நான் பார்க்க விரும்பவில்லை என்று தோன்றுகிறது. இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

கம்பெனிக்காரர்கள் மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குமேல் வேறு ஆளிடம் போய்விடுவார்களாம். தயாளன் போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்ததை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். “என் தப்புதாங்க, நான் சரிபாக்கல” என்று சொன்னார். என் பெயர் ஓர் இடத்திலும் வரவில்லை.

திரும்பி வரும்போது காரில், “மாப்பிள்ளை, இந்த வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கங்க. எனக்கு வயசாயிடுச்சு” என்றேன்.

அவர் சிக்னலில் காரை நிறுத்தினார். பிறகு சொன்னார்: “மாமா, அந்த வரிய மாத்தறதுக்கு நானே எத்தனையோ தடவ தொறந்திருக்கேன். பாத்துட்டு அப்படியே மூடி வெச்சிருக்கேன். நீங்க விலக்குன்னு எழுதினப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதான் சரிபாக்கல.”

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

ஜூன் 22, வியாழன்

காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். தயாளனும் நாற்காலியை இழுத்துப்போட்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதலில் பழைய பலகைகளின் தடங்களை எல்லாம் தனி இடத்தில் நகல் எடுத்து வைத்தேன். அவற்றுக்கு இனி ஒன்றும் ஆகாது. இது முன்பே செய்திருக்க வேண்டியது. பத்து நிமிட வேலை. அடுத்து, நான் எழுதிய விலக்குகளை எல்லாம் அழித்தேன். கடைசியாக அந்த வரிக்குப் போனேன்.

“நீங்க பண்றீங்களா மாப்பிள்ளை?”

“நீங்களே பண்ணுங்க மாமா.”

0.35 என்பதை அழித்துவிட்டு 0 என்று போட்டேன். கை என்ற சொல்லை எடுக்கவில்லை. அது ஸ்கிரிப்டுக்கு வேண்டும்.

ஓட்டியதும் தடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. திரையில் திட்டுகள் குறுகி, பாகத்தின் அளவுக்கு ஒட்டிக்கொண்டன. இரண்டு பக்கமும் அளந்தேன். சமமாக இருந்தன. மறுபடி அளந்தேன். தயாளன் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

அவர் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். இவ்வளவு நாள் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்ததெல்லாம் வீண். ஆரம்பமே இல்லாமல் வந்துவிட்டது.

“மாப்பிள்ளை, ரேணுகா நல்ல பொண்ணாத் தெரியுது. உங்களுக்கும் பிடிச்சிருந்தா கட்டிக்கங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கீபோர்டில் இருந்த தூசியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

“நீங்க?” என்றார்.

“கோபியில ரூம் இருக்கு. பேசிட்டேன்.”

“நான் ரூமக் கேக்கல மாமா. உங்களுக்குப் பரவால்லையான்னு கேட்டேன்.”

பரவாயில்லை என்றேன். அது முழு உண்மை இல்லை. பொய்யும் இல்லை. எந்தப் பக்கம் அதிகம் என்று இப்போதும் தெரியவில்லை.

“கோபிக்கெல்லாம் போக வேண்டியதில்ல” என்று சொல்லிவிட்டு, தடங்களைப் பலகை செய்கிறவருக்கு அனுப்ப ஆரம்பித்தார். இதை இப்போது முடிவு செய்ய முடியாது. வருகிற பெண்ணின் மனது என்ன என்று தெரியாது.

ஜூன் 25, ஞாயிறு

நான் சொல்லிவிட்டேன் என்று கேட்டதும் வளர்மதி பஸ் ஏறி வந்துவிட்டாள், உடுமலைப் பெண்ணின் போட்டோவோடு. பெண் ரேணுகா என்று தெரிந்ததும் போட்டோவைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

“ஒருத்தனக் கட்டித் தீத்துக்கிட்டு வந்தவளா? ஏண்டா, உனக்கு வேற பொண்ணே கெடைக்கலையா?”

“நானும் கட்டினவன்தானக்கா.”

“அதுவும் இதுவும் ஒண்ணா? மாமா, நீங்களாவது சொல்லுங்க.”

“நான்தாம்மா இந்தப் பொண்ணச் சொன்னேன்.”

வளர்மதி என்னை உற்றுப் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொன்னது அவள்தான். திறந்தால் இது வரும் என்று எதிர்பார்க்கவில்லை போலும். “என்னமோ பண்ணுங்க. பொண்ணு கேக்க நான் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். காப்பி கூடக் குடிக்கவில்லை.

தயாளனுக்கு அப்பா, அம்மா இல்லை. பெரியவர்கள் என்றால் இந்த அக்கா ஒருத்திதான். ரேணுகா ஏற்கெனவே சரி சொல்லியிருந்தார். தான் தனியாகவே போய் அவர் அப்பாவிடம் பெண் கேட்பதாகத் தயாளன் போனில் சொன்னார். ரேணுகாவின் பதில் எனக்கும் கேட்டது: “நான் சரின்னு சொல்லிட்டா போதும்னு நெனச்சீங்களா? எங்கப்பா பெரியவங்க யாராவது வந்தாத்தான் பாயே விரிப்பாரு. போன தடவ பெரியவங்க பேச்ச மதிக்காம நானே முடிவு பண்ணி, என்னாச்சுன்னு அவருக்கு ஒரு கணக்கு இருக்கு.”

தயாளன் போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கமே நின்றார். சொந்தத்தில் யாரைக் கூப்பிடலாம் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சொல்லி அவரே தள்ளினார்.

“நான் போறேன்” என்றேன்.

ஜூன் 26, திங்கள்

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நான் யார் என்று ரேணுகாவின் அப்பா கேட்டால் என்ன சொல்வது? பெண்ணைப் பெற்றவன் அவள் புருஷனுக்கு இன்னொரு பெண் கேட்டுப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. வழக்கம் உண்டா என்று யாரிடம் விசாரிப்பது என்றும் தெரியவில்லை. மாத்திரை வாங்கியது. மின்சார பில் கட்டியது.

ஜூன் 30, வெள்ளி

புதுப் பலகை அடுப்பிலிருந்து வந்துவிட்டது. ரேணுகா படம் அனுப்பினார். எல்லாம் படுத்திருக்கின்றன. கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

தயாளன் படத்தைப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினார். நேராக, அமைதியாக, வரிசையாக இருந்தன. நன்றாகத்தான் இருந்தன. நான் நன்றாக இருக்காது என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 9, ஞாயிறு

சிங்காநல்லூர் போய் வந்தோம். நிதானமாக எழுத வேண்டும்.

ஆடிக்கு முன்னால் வேறு நல்ல நாள் இல்லை. பழம், பூ, வெற்றிலை பாக்கு எல்லாம் தயாளனே வாங்கினார். அப்பா சரி என்று சொல்லும்வரை மாப்பிள்ளை வீட்டுக்குள் வரக் கூடாது என்று ரேணுகா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் அவர் தெருமுனை வேப்பமரத்தடியில் காருக்குள் இருந்தார். நான் மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பழத்தட்டு கனமாக இருந்தது. வழியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவர் காரிலிருந்து இறங்கி நின்றுகொண்டிருந்தார்.

ரேணுகாவின் அப்பா ராமலிங்கம், மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் வயதுதான் இருக்கும். உட்காரச் சொன்னார். பாய் விரிக்கவில்லை, பிளாஸ்டிக் நாற்காலி. உள்ளே சமையலறைக் கதவுக்குப் பின்னால் ரேணுகாவின் சேலை தெரிந்தது. பேண்ட்டும் சட்டையுமாகவே பார்த்த பெண் என்பதால் முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன்.

“வந்த காரியம் ரேணு சொல்லுச்சுங்க. நீங்க பையனுக்கு என்ன வேணுமுங்க? பெரியப்பாங்களா?”

வீட்டிலிருந்து தயார் செய்துகொண்டு போன வாக்கியம் ஒன்று இருந்தது. அது வரவில்லை.

“மாமனாருங்க” என்றேன்.

“தாய்மாமனுங்களா?”

“இல்லைங்க. எம் பொண்ணத்தான் அவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தேன். அவ இப்ப இல்லைங்க.”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்ப பொண்ணக் கொடுத்தவரு நீங்க.”

“ஆமாங்க. கொடுத்தவன்தானுங்க. இன்னிக்கு கேக்க வந்திருக்கறேன்.”

எழுந்து போகச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் எழுந்தார். உள்ளே போய்ச் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்துவந்து விரித்தார். அதில் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொல்லி, என் முழங்காலில் கை வைத்தார்.

“மொத தடவ பையனப் பத்தி யாரையுங் கேக்காம விட்டுட்டனுங்க. இந்தத் தடவ யாரக் கேக்கறதுன்னு தெரியாம முழிச்சுட்டு இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க. பையன் எப்படிங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உலகத்தில் என்னைவிடத் தகுந்த ஆள் யாருமில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னேன். எப்படிப் பேசினேன் என்று வியப்பாக இருக்கிறது, நிறுத்தவே இல்லை. தேன்மொழிக்குச் சிகிச்சையில் முடி கொட்டியபோது, தலை குளிர்கிறது என்று அவள் சொல்லும் முன்பே துணி சுற்றிவிடுவார் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வரும்வரை காத்திருக்காமல் தானே எல்லாம் செய்வார், முகம் சுளிக்கமாட்டார் என்று சொன்னேன். கடைசியில் அவளால் பேச முடியாதபோது பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்குப் பலகையில் செய்த வேலையை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று சொன்னேன். சமையலைக் குறை சொல்லத் தெரியாது, அது ஒன்றுதான் குறை, அதை உங்கள் பெண் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார் என்றும் சொன்னேன். கதவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

“கல்யாணத்துக்கப்பறம் நீங்க எங்க இருப்பீங்க?” என்று ராமலிங்கம் கேட்டார்.

நான் கோபி என்று வாயெடுத்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து, “அங்கதான் இருப்பாரு. அத நான் அவருகிட்ட மொதல்லயே சொல்லிட்டேன்” என்று பதில் வந்தது. அவரிடம் என்றால் தயாளனிடம். என்னிடம் இருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ராமலிங்கம் தலையை ஆட்டிக்கொண்டார். உள்பக்கம் திரும்பி, “ரேணு, காப்பி கொண்டாம்மா. மூணு டம்ளரா ஊத்து. மாப்பிள்ளை தெருவுல நிக்கறாரு” என்றார்.

மாப்பிள்ளை என்ற சொல்லை இன்னொருவர் சொல்லிக் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை. ராமலிங்கம் எழுந்திருக்கப் போனார்.

“நீங்க இருங்க, நான் கூப்பிடறேன்” என்று நான் வாசலுக்குப் போனேன். வேப்பமரத்தடியில் அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கையைத் தூக்கினேன். கேட்காது என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

“உள்ள வாங்க மாப்பிள்ளை.”